என்ஜினோட சேர்ந்து பாடுற ஸ்பீக்கர்: காருக்குள்ள வாற "வீ...ங்" சத்தத்தை நிப்பாட்டுறது எப்பிடி?

வெள்ளவத்தை_வாசி · ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். 2008ஆம் ஆண்டு ஜப்பான் செடான் ஒண்டு வச்சிருக்கிறன், 1500 சிசி. புதுசு வாங்கிற நிலைமை இல்லை. அதாலை இருக்கிறதையாவது வடிவா வச்சிருப்பம் எண்டு போன மாசம் பாட்டு, ரேடியோ போடுற 9 இஞ்சி அண்ட்ரொயிட் செற் ஒண்டும், டிக்கிக்குள்ள சத்தத்தைப் பெருக்கிற நாலு சனல் அம்ப் ஒண்டும், முன் கதவு ரெண்டுக்கும் நல்ல ஸ்பீக்கரும் போட்டனான். சாமான் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில வாங்கினது. பூட்டினது தெரிஞ்ச ஒருத்தர்.

பூட்டின நாளிலை இருந்து தலையிடி. ஸ்ராட் பண்ணினவுடன ஸ்பீக்கருக்குள்ள இருந்து "வீ...ங்" எண்டு ஒரு சத்தம். காலி வீதி சிக்னலில நிக்கேக்க நுளம்பு மாதிரி மெல்லிசா இருக்கும். அக்சிலேற்றரை அமத்தினால் அதுவும் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். பாட்டை நிப்பாட்டினாலும் கேக்கும். வொல்யூமை பூச்சியத்துக்குக் கொண்டுபோனாலும் அதே அளவிலை கேக்கும். ஏசியும் ஹெட்லைற்றும் போட்டால் இன்னும் கூட. என்ரை மகள் பின் சீற்றில இருந்து அதோட சேர்ந்து ராகம் இழுக்கிறா.

பூட்டினவரிட்டக் கேட்டால், "பழைய வாகனத்துக்கு அப்பிடித்தான் வரும், ஃபில்ற்றர் ஒண்டு போட்டால் போகும்" எண்டுறார். போடலாமோ?

---

கொட்டாஞ்சேனைப்_பொடியன் · ஞாயிறு, இரவு 9.31

அண்ணே, எனக்கும் இதே பிரச்சினைதான் இருந்துச்சு. கிரவுண்ட் லூப் ஐசலேற்றர்னு சின்னப் பெட்டி ஒண்ணு விக்கிறாங்க. செற்றுல இருந்து அம்புக்குப் பாட்டக் கொண்டுபோற ஆர்சிஏ வயருக்கு நடுவுல சொருகினேன், அஞ்சு நிமிச வேலை, சத்தம் போயிருச்சு. ரெண்டு வருசமாச்சு, ஒரு பிரச்சினையும் இல்ல. ரொம்ப யோசிக்காதீங்க.

---

சோல்டரிங்_நானா · ஞாயிறு, இரவு 10.05

வாசி, கொஞ்சம் பொறுங்க. பெட்டி வாங்குறதுக்கு முந்தி ஒரு விஷயம். நீங்க எழுதினதுலயே பாதிப் பதில் ஈக்கு.

வொல்யூம் பூச்சியத்துலயும் சத்தம் குறையலன்னு சொல்றீங்க. அப்ப வொல்யூமைத் தாண்டி வந்த பொறகுதான் சத்தம் உள்ள நுழையுது. செற்றுக்குப் பின்னால இருந்து அம்ப் வரைக்கும் உள்ள வழியிலதான் கள்ளன் ஈக்கான். வொல்யூமோட சேர்ந்து கூடிக் குறையிற சத்தமா இருந்தா ஃபோன், அதோட இயர்ஃபோன் ஓட்டையில சொருகுற ஓக்ஸ் வயர், ரேடியோ, அந்தப் பக்கம் தேடணும். இது ஒண்ணு தெரிஞ்சாலே அரைநாள் வேலை மிச்சம்.

நாளைக்கு இதைச் செய்ங்க. என்ஜினை நிப்பாட்டி, செற்றையும் அம்பையும் ஓஃப் பண்ணிட்டு, அம்புல ஈக்கிற ஆர்சிஏ வயரைக் கழற்றுங்க. பொறகு ஸ்ராட் பண்ணிப் பாருங்க. சத்தம் இல்லன்னா அம்பும், அதைக் காரோட இரும்பு உடம்போட இணைக்கிற எர்த்தும் அனேகமா நல்லம். அடுத்ததா, சார்ஜர்ல போடாத ஃபோன் ஒண்ணை ஓக்ஸ்-ஆர்சிஏ வயரால நேரடியா அம்புக்குக் குடுத்துப் பாட்டுப் போடுங்க. அப்பவும் சுத்தமா கேட்டா பிரச்சினை செற் பக்கம், இல்லாட்டி ஆர்சிஏ வயர் போற பாதை.

ஒண்ணு மறக்க வேணாம்: செற் ஓன்ல ஈக்கும்போது ஆர்சிஏவைக் கழற்றவும் வேணாம், பூட்டவும் வேணாம். சில செற்ல ஆர்சிஏவோட வெளி வளையத்துக்கு உள்ளுக்குள்ள தலைமயிர் கனத்துல ஒரு பியூஸ் ஈக்கும். அது போச்சுன்னா அன்னையில இருந்து அந்த செற் எந்தக் காருல போட்டாலும் வீ...ங் தான். செற்றைத் தனியாக் கழற்றி வச்சு, வெளி வளையத்துக்கும் செற் பொடிக்கும் (அதோட இரும்புக் கூட்டுக்கும்) இடையில மீற்றரை ஓம்ஸ்ல வச்சுப் பாத்தா தெரியும். பூச்சியத்துக்குக் கிட்ட காட்டணும்.

---

ரேடியோ_மாமா · திங்கள், காலை 6.20

நானா சொல்வது முழுக்கச் சரி. நான் ஏன் என்பதை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். காலையில் வேறு வேலை இல்லை.

சின்ன வயதில் கோயில் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் செற் கட்டப் போனவன் நான். மேளக்காரர் பக்கத்து மைக் மிக்சருக்கு ஒரு பிளக்கிலும், அம்புக்கு வீதிக்கு அந்தப் பக்கம் வேறொரு வீட்டுப் பிளக்கிலும் கரண்ட் எடுத்தால் போதும், "ம்ம்ம்" என்று 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வந்துவிடும். இரண்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை. அந்த வித்தியாசம் மைக் வயரின் வெளிச்சுற்று வழியாக ஓடும். காரில் நடப்பதும் அச்சொட்டாக அதுதான். செற் ஓர் இடத்தில் எர்த் எடுக்கிறது, அம்ப் வேறோர் இடத்தில் எடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கால் வோல்ற் வித்தியாசம் இருந்தாலே அது ஆர்சிஏ வயரின் கவசம் வழியாக ஓடும். ஓடுகிற வழியில் பாட்டோடு கலந்துவிடும்.

ஏன் "வீ...ங்"? ஒல்டர்னேற்றர், அதாவது என்ஜின் சுற்றிவிட்டுக் கரண்ட் எடுக்கும் சாமான், திசை மாறி மாறி ஓடும் மூன்று ஃபேஸ் ஏசி கரண்டைத்தான் உண்டாக்குகிறது. ஒரு பக்கம் மட்டும் கரண்டை விடும் ஆறு டயோட் அதை ஒரே திசையில் ஓடும் டிசியாக்குகின்றன. ஆனால் நேர்கோடு மாதிரியான டிசி அல்ல, மேலே சின்னச் சின்ன அலை இருக்கும். பன்னிரண்டு காந்த முனை உள்ள சாதாரண ஒல்டர்னேற்றர் ஒரு சுற்றுக்கு 36 அலை தரும். ஐட்லிங்கில் என்ஜின் 800 சுற்று என்றால், புல்லி 2.5 மடங்கு பெருக்க ஒல்டர்னேற்றர் 2000 சுற்று. வினாடிக்கு 1200 அலை. என்ஜின் 3000 சுற்றுக்குப் போனால் 4500 அலை. இரண்டுமே மனிதக் காது நன்றாகப் பிடிக்கிற இடம். உங்கள் மகள் இழுக்கிற ராகத்துக்கு இதுதான் சுரம்.

கொட்டாஞ்சேனைத் தம்பி சொல்லும் பெட்டிக்குள் இருப்பது சின்ன ட்ரான்ஸ்ஃபோமர். பாட்டைக் காந்தத்தால் கடத்தும், எர்த்தை வெட்டிவிடும். வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் மலிவுப் பெட்டியில் உள்ளிரும்பு கடலை அளவுதான். தவில் தொப்பி, பேஸ் கிற்றார் மாதிரிக் கீழ்ச் சத்தங்கள் அதற்குள் நசுங்கிப் போகும். நல்ல ஸ்பீக்கருக்குக் காசு கொடுத்துவிட்டு அதன் கழுத்தில் இதைக் கட்டுவதா?

---

கொட்டாஞ்சேனைப்_பொடியன் · திங்கள், காலை 8.47

மாமா, எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கேக்கவே இல்லீங்க. நான் போடுறது பாதி நேரம் கிரிக்கெட் வர்ணனை. 🙂 ஆனா நீங்க சொன்னப்பறம் இன்னைக்கு அந்தப் பெட்டியக் கழற்றிட்டுக் கேட்டுப் பாக்கணும்னு தோணுது.

---

பஞ்சிகாவத்தை_ரவுண்ட் · திங்கள், பகல் 12.30

ஒல்டர்னேற்றர் கதை வந்ததால ஒண்டு சொல்லுறன். எனக்கு இதே சத்தம் வந்தது, ஆனால் எர்த் பிழையில்லை. பொனற்றைத் திறந்து மீற்றரை ஏசி வோல்ற்றில வச்சு பற்றறி ரெண்டு முனையிலும் பிடிச்சுப் பாத்தால் 0.8 காட்டுது. என்ஜின் ஓடேக்க அது 0.1 ஐச் சுற்றி இருந்தால் நல்லது, 0.5 ஐத் தாண்டினால் டயோட்டில சந்தேகப்படலாம். எனக்கு ஒரு டயோட் செத்துப் போயிருந்தது. சத்தத்தோட வேற ஒரு அறிகுறியும் இருந்தது: ரெண்டு நாள் ஓடாமல் விட்டால் பற்றறி இறங்கிடும். நான் பற்றறியைத்தான் பேசிக்கொண்டிருந்தனான், பாவம். பஞ்சிகாவத்தையில டயோட் தட்டு மட்டும் மாத்தினது, ரெண்டும் ஒரே நாளிலை சரி.

வாசி அண்ணை, டிசியையும் பாருங்கோ. என்ஜின் ஓடேக்க 13.8க்கும் 14.4க்கும் இடையில நிக்க வேணும்.

---

வெள்ளவத்தை_வாசி · செவ்வாய், இரவு 8.55

எல்லாருக்கும் நன்றி. இண்டைக்கு வேலையால வந்து ரெண்டு மணித்தியாலம் காருக்குள்ளதான். மனிசி தேத்தண்ணியைக் கார்ப் போர்ட்டுக்கே கொண்டுவந்து தந்தா.

பற்றறி டிசி 14.1. ஏசி 0.04. அப்ப ஒல்டர்னேற்றர் தப்பிச்சுது.

அம்பில ஆர்சிஏவைக் கழற்றினால் பொட்டுச் சத்தமில்லை. ஃபோனை நேரடியாக் குடுத்தால் அவ்வளவு சுத்தம், இந்த ஸ்பீக்கர் இப்பிடிப் பாடும் எண்டு எனக்கே தெரியாது. வேணுமெண்டு அதே ஃபோனை சிகரற் லைற்றர் சார்ஜரில போட்டுப் பாத்தன். உடன வீ...ங். வயரை இழுத்தன், நிண்டது. திரும்பப் போட்டன், வந்தது. பத்துத் தரம் செய்து பாத்தனான், விளையாட்டு மாதிரி.

அம்ப் எர்த் பின் சீற்றுக்குக் கீழ சீற் போல்ற்றில குடுத்திருக்கு, பெயின்ற் சுரண்டாமல். அதைப் பற்றியும் கேக்க வேணும்.

---

சோல்டரிங்_நானா · செவ்வாய், இரவு 9.40

மாஷா அல்லாஹ், வேலைக்காரன்! சார்ஜர் விளையாட்டுலயே விளங்கியிருக்கும். பற்றறியில ஓடுற ஃபோனுக்குக் காரோட எர்த் சொந்தமில்ல, அதால வட்டம் மூடல. சார்ஜர்ல போட்ட உடனே டாஷ்போட் பக்கத்து எர்த் ஃபோன் வழியா அம்புக்கு வந்து வட்டத்தை மூடிருது. உங்க செற்றும் அதே வேலையைத்தான் செய்யுது.

சீற் போல்ற்றை விடுங்க. சீற் பெல்ற் போல்ற்றைக் கனவுலயும் தொட வேணாம், அது உயிர் காக்கிற போல்ற். டிக்கி தரையில காரோட வெறும் பொடி இரும்பு உள்ள இடமாப் பாருங்க, கீழ பெற்றோல் டாங்கும் பிரேக் குழாயும் இல்லன்னு குனிஞ்சு பாத்துட்டு. பெயின்றைச் சுரண்டி வெள்ளி மாதிரிப் பளபளன்னு வரணும். ரிங் டேர்மினல், பல்லு வொஷர், போல்ற், நட். இறுக்கின பொறகு மேல கிரீஸோ பெயின்றோ பூசிருங்க. வெள்ளவத்தைக் கடல் காத்து ஒரு மழைக்காலத்துலயே அதைத் துருவாக்கிரும். எர்த் வயர் பவர் வயர் அளவுக்குக் கனமா, ஒன்றரை அடிக்குள்ள.

பவர் வயரையும் ஒருக்கா பாருங்க. நாலு கேஜ்னு எழுதியிருக்கிற வயரோட நுனியை பிளேட்டால லேசாச் சுரண்டுங்க. செம்பு நிறம் போய் வெள்ளையாத் தெரிஞ்சா அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசினது. அதே கனச் செம்பு வயரை விட தடை ஒன்றரை மடங்குக்கு மேல. சில வயர்ல றப்பர்தான் கனம், உள்ளுக்கு நூல்.

---

ஹைபிரிட்_ஆள் · புதன், காலை 7.15

குறுக்க வாறதுக்கு மன்னிக்கோணும். என்ரை பிரியஸில வேற மாதிரி. எஃப்எம் கேக்கேக்க மட்டும் இரைச்சல், புளூடூத்தில பாட்டு சுத்தம். இதுக்கும் எர்த் தானோ?

---

ரேடியோ_மாமா · புதன், காலை 7.50

இல்லை தம்பி, எஃப்எம்மில் மட்டும் என்றால் அது ஏரியல் வழியாக வருவது. அம்பையும் ஆர்சிஏவையும் தொடாதீர்கள்.

உங்கள் கார் ஜப்பானில் இருந்து வந்தது. அங்கே எஃப்எம் 76இல் தொடங்கும், பழைய செற் 90உடன் முடிந்துவிடும். இங்கே 88 முதல் 108 வரை. அதனால் ஏரியல் வயரில் ஒரு பாண்ட் எக்ஸ்பாண்டர் சொருகி, இங்கத்தைய நிலையங்களை அந்த எல்லைக்குள் இறக்கியிருப்பார்கள். தீப்பெட்டி அளவுச் சாமான்தான், ஆனால் அதற்கும் 12 வோல்ற் வேண்டும், அதற்கும் எர்த் வேண்டும். அந்த எர்த் தொங்கிக்கொண்டிருந்தால் இரைச்சல் நிச்சயம். முதலில் அதைப் பாருங்கள். பிறகு டாஷ் கமரா, மலிவு எல்ஈடி பல்ப், ஃபோன் சார்ஜர், ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ரேடியோவைக் கேளுங்கள். கண்ணாடி ஏரியலுக்குப் பக்கத்தில் ஒட்டின டாஷ் கமரா பெரிய கரைச்சல்காரன்.

உங்கள் காரில் ஒல்டர்னேற்றரே இல்லை. பெரிய பற்றறியில் இருந்து 12 வோல்ற்றுக்கு இறக்குவது கன்வேட்டர். ஒரு எச்சரிக்கை: செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடக்கூடாது. அதற்குள் 200 வோல்ற்றுக்கு மேல் இருக்கிறது. எர்த் தேடுகிறேன் என்று அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

---

வெள்ளவத்தை_வாசி · சனி, பிற்பகல் 4.20

பெரிய செய்தி. பகுதி பகுதியாச் சொல்லுறன்.

காலமை அம்ப் எர்த்தை நானா சொன்ன மாதிரியே மாத்தினன். சத்தத்தில பெரிசா வித்தியாசமில்லை. மனம் விட்டுப்போச்சு. பிறகு மீற்றரை எடுத்து, வீட்டில கிடந்த கோலிங் பெல் வயர் நீட்டு ஒண்டை பற்றறி நெகற்றிவ்வில கிளிப் போட்டு, யன்னலுக்குள்ளால உள்ளுக்கு எடுத்தன். என்ஜின் ஓடுது, ஏசி, ஹெட்லைற் எல்லாம் ஓன். அம்ப் எர்த்துக்கும் பற்றறிக்கும் இடையில 0.03 வோல்ற். செற் பொடிக்கும் பற்றறிக்கும் இடையில 0.31! ஏசி காத்தாடியை நாலாம் நம்பருக்குக் கூட்டக் கூட்ட அந்த இலக்கமும் ஏறுது, ஸ்பீக்கரில சத்தமும் ஏறுது. பாத்துக்கொண்டிருக்கவே புல்லரிச்சுது.

செற்றைக் கழற்றி எடுத்தன். பின்பக்கம் கறுப்பு வயரைப் பழைய வயரோட கையால முறுக்கி, கறுப்பு ரேப் சுத்தியிருக்கு. ரேப்பின்ரை பசை உருகிக் களி மாதிரிக் கையில ஒட்டுது. பிரிச்சால் உள்ளுக்குச் செம்பு பச்சை பூத்துப்போய்க் கிடக்கு. அந்தப் பழைய வயர்தான் காத்தாடிக்கும் எர்த்.

புது வயர் ஒண்டு போட்டு, டாஷ்போட்டுக்குப் பின்னால குறுக்கை போற இரும்பில சுரண்டி இறுக்கினன். பழைய இணைப்பைச் சோல்டர் பண்ணி மூடினன். 0.31 இப்ப 0.02. சத்தம் முக்கால்வாசி போச்சு.

ஆனால் முக்கால்வாசிதான். ராவில, பாட்டில்லாமல், காதைக் குடுத்துக் கேட்டால் இன்னும் ஒரு மெல்லிய நூல் மாதிரி இருக்கு. ஆர்சிஏவும் பவர் வயரும் ஒரே பக்கத்தாலதான் போகுது. கதவோரப் பிளாஸ்ரிக்கைக் கழற்றி ஆர்சிஏவை மற்றப் பக்கத்துக்கு மாத்த வேணுமோ?

---

சோல்டரிங்_நானா · சனி, மாலை 5.02

மாத்துறது நல்லதுதான், ஆனா ஒரு நாள் வேலை. அதுக்கு முந்தி ரெண்டு சின்ன வேலை. அம்புல கெயின் எங்க நிக்குது? பின்னால ரிவர்ஸ் கமரா ஈக்கா?

---

வெள்ளவத்தை_வாசி · சனி, மாலை 5.10

கெயின் முழுசாத் திருப்பி வச்சிருக்கு. கமரா இருக்கு, செற்றோட சேர்த்துப் பூட்டினது. ஆனால் அது ரிவர்ஸ் போட்டால்தானே வேலை செய்யும்?

---

சோல்டரிங்_நானா · சனி, மாலை 5.31

படம்தான் ரிவர்ஸ்ல வரும் வாப்பா. வயர் எப்பவும் பூட்டித்தானே ஈக்கு! கமராவுக்கு ரிவர்ஸ் லைற்றுல இருந்து பவரும், டிக்கி பல்ப் எர்த்துல இருந்து நெகற்றிவ்வும் எடுத்திருப்பாங்க. செற்றுக்குப் படத்தைக் கொண்டுபோற மஞ்சள் முனை வயரோட கவசம் அந்த டிக்கி எர்த்தை அப்படியே செற்றுக்குப் பின்னாலக் கொண்டுவந்து கட்டிருது. வட்டம் ஒண்ணை நீங்க சரியாக்கினீங்க, மற்ற வட்டம் இன்னும் மூடியே கிடக்கு. செற்றை ஓஃப் பண்ணி, அந்த மஞ்சள் முனையைக் கழற்றிட்டு ஸ்ராட் பண்ணுங்க.

கெயின் வொல்யூம் இல்ல. செற் தாற சிக்னல் அளவுக்கு அம்பைப் பொருத்துற திருகு. முழுசாத் திருப்பினா பாட்டைப் போல குப்பையையும் பெருக்கும். கெயினை முழுக்கக் குறைச்சு, செற் வொல்யூமை முக்காலுக்கு ஏத்தி, பாட்டு உடையத் தொடங்கிற வரைக்கும் கெயினைக் கூட்டி, அங்க இருந்து கொஞ்சம் இறக்கி விடுங்க.

---

வெள்ளவத்தை_வாசி · சனி, இரவு 7.48

நானா!!! மஞ்சள் முனையைக் கழற்றின உடன ஒண்டுமில்லை. ஒண்டுமே இல்லை. நான் செற் ஓஃப் ஆகிட்டுது எண்டு நினைச்சு ஸ்கிரீனைத் தட்டிப் பாத்தனான்.

கமராவின்ரை நெகற்றிவ்வை டிக்கி பல்ப்பில இருந்து வெட்டி, மஞ்சள் வயரோட சேர்த்துத் தனி வயரா முன்னுக்குக் கொண்டுவந்து, செற்றின்ரை அதே எர்த்தில குடுத்தன். கமராவும் வேலை, சத்தமும் இல்லை. கெயின் இப்ப பாதிக்குக் கீழ நிக்குது, ஆனால் முந்தினதை விடப் பலமாக் கேக்குது. ஆர்சிஏ அதே பக்கத்தாலதான் ஓடுது, மாத்தேல்லை. பவர் வயரைச் சுரண்டினன். வெள்ளை! அதுக்கு அடுத்த மாசச் சம்பளம் வரட்டும்.

பூட்டினவருக்கு ஃபோன் பண்ணிச் சொன்னனான். "ஃபில்ற்றர் போட்டீங்களோ?" எண்டு கேக்கிறார்.

---

கொட்டாஞ்சேனைப்_பொடியன் · ஞாயிறு, காலை 10.15

நேத்து அந்தப் பெட்டியக் கழற்றிப் பாத்தேன். மாமா சொன்னது சரிதாங்க, அடிச்சத்தம் திரும்பி வந்துச்சு. கூடவே வீ...ங்கும் திரும்பி வந்துச்சு. செற் எர்த் பாத்தா எனக்கும் அதே ரேப் சுத்தல். இப்ப பெட்டிய மறுபடி போட்டு வச்சிருக்கேன், அடுத்த ஞாயிறு லீவு.

---

தெமட்டகொட_த்ரீவீல் · ஞாயிறு, பகல் 1.40

சலாம் எல்லாருக்கும். நம்மட த்ரீவீல்ல வீ...ங் இல்ல, "டிக் டிக் டிக்". வேகம் கூட்டினா டிக்கும் கூடுது. செற் மட்டும்தான், அம்ப் இல்ல. இதுக்கும் எர்த்தா?

---

சோல்டரிங்_நானா · ஞாயிறு, பகல் 2.05

வஅலைக்கும் சலாம். அது என்ஜினோட ஸ்பார்க் பிளக்ல பாயிற நெருப்பு, மச்சான். பிளக் நம்பர்ல ஆர் எழுத்து ஈக்கான்னு பாருங்க, ஆர்னா உள்ளுக்கு ரெசிஸ்டர் ஈக்கு. இல்லன்னா உங்க என்ஜினுக்குப் பொருந்துற ஆர் உள்ள பிளக் போடுங்க. பிளக் தொப்பியும் வெடிச்சிருந்தா அதையும் மாத்துங்க. ராவைக்கு இருட்டுல என்ஜினை ஓட விட்டு, தொடாமப் பாருங்க. தொப்பியைச் சுத்தி நீலப் பொறி தெரிஞ்சா அதுதான்.

---

தெமட்டகொட_த்ரீவீல் · ஞாயிறு, இரவு 8.22

நீலப் பொறி தெரியுது நானா. நாளைக்குக் காலையில முதல் ஹயர் பஞ்சிகாவத்தைக்குத்தான்.